பிரசவத்துக்குப் பிறகு தங்கச்சிக்கு எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், நோயெதிர்ப்புச் செல்லுகள் சொந்த நரம்பையே தாக்கிற வருத்தம்) கால் விறைப்பு, பால் குடுக்கிறதாலயா?

பால் குடுக்கிறதால இல்லை, அதுக்காக அவவைப் பேசாதேங்கோ. பிள்ளை வயித்தில இருக்கேக்க அடங்கிக் கிடக்கிற எம்எஸ், பெத்து முதல் 3 மாசத்துக்குள்ள கிளம்புறது தெரிஞ்ச விசயம்தான்.

கடைசி மாசங்களில எஸ்ட்ரியோல் மாதிரி ஹார்மோனுகள் நல்லா ஏறி நோயெதிர்ப்புச் செல்லுகளை அமத்தி வைச்சிருக்கும், பிள்ளை பிறந்தோடன அது சடாரெண்டு விழ அதுகள் திரும்ப நரம்பின்ர மயலின் உறையில கைவைக்கத் துடங்கும், இதுவும் அதாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன்.

முதல்ல காய்ச்சல் பாருங்கோ, யூரினும் டெஸ்ட் பண்ணுங்கோ. சலத்தில கிருமி எண்டாலும், எங்கட சித்திரை வெக்கையில உடம்பு சூடேறினாலும் பழைய விறைப்பே தலைகாட்டும். அப்பிடி ஒண்டும் இல்லாமல் 24 மணித்தியாலத்துக்கு மேல நிண்டா உடன நியூரோலொஜிஸ்டிட்டக் காட்டுங்கோ. களைப்பும் கூட எண்டா தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கோ, பெத்தாப் பிறகு அதுவும் சிலருக்குக் குழம்பும்.

ஹார்மோன் குளிசை மட்டும் நீங்களா பாமசில வாங்கிக் குடுத்திடாதேங்கோ.