தற்காப்புக் கலையில் கற்பதை அன்றாடப் பேச்சில் பயன்படுத்த முடியுமா?

முடியும். ஆனால் 'எதிராளியின் வார்த்தையை வைத்தே அவரை மடக்குவது எப்படி' என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்கள் என்றால், நான் கற்ற ஜூடோ அதைச் சொல்லித் தரவில்லை. எனக்கு வேலை ஒரு மருத்துவமனையின் பில்லிங் கவுன்டரில். அங்கே ஜூடோ எப்படி உதவுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ தொழிலால் ஆசிரியர். 1882இல் டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில், 12 பாய் விரிக்கிற இடத்தில் தன் பள்ளியைத் தொடங்கினார். அவர் ஒரு கணக்குச் சொல்வார். எதிரே நிற்பவரின் பலம் 10, என் பலம் 7. அவர் தள்ளும்போது நானும் எதிர்த்துத் தள்ளினால் தோற்பது நான்தான். அவர் தள்ளுகிற போக்கிலேயே, நிலை குலையாமல் நான் பின்வாங்கினால் அவர் முன்னால் சாய்ந்துவிடுவார். அந்த நிலையில் அவருக்கு மிஞ்சுவது 3. எனக்கு 7 அப்படியே இருக்கும்.

பத்து மூன்றாகக் குறைவதைத்தான் எல்லோரும் ரசிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குறையாத ஏழு. நம் நிலை குலைந்துவிட்டால் மற்ற எந்த உத்தியும் உதவாது.

டிஸ்சார்ஜ் நாளில் இன்சூரன்ஸ் அப்ரூவல் தாமதமாவது எங்களுக்குத் தினப்படிக் கதை. ஒருமுறை, அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த ஒருவர் மேஜையைத் தட்டினார். "காலையில விட்டுடுவோம்னு சொன்னீங்க, மணி மூணு ஆச்சு. பணம் புடுங்கத்தான் ஆஸ்பத்திரி நடத்துறீங்களா?" இதற்கு வாயில் முதலில் வருகிற பதில், "அப்ரூவல் வரலைன்னா நாங்க என்ன சார் பண்றது?" அதுதான் எதிர்த்துத் தள்ளுவது. நான் மூச்சை விட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, "ஆமாங்க, காலையில சொன்னோம், இன்னும் முடியல. அம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். ரூமைக் காலி செய்துவிட்டதால் அம்மா வீல்சேரில் இருந்தார்கள். சுகர் பேஷன்ட், மதியம் சாப்பிடவில்லை. கோபத்தின் கனம் முழுக்க அங்கேதான் இருந்தது, பில்லில் இல்லை. அம்மாவுக்குச் சாப்பாடும் படுக்க ஓர் இடமும் ஏற்பாடு செய்தோம். "அப்ரூவல் வந்ததும் நானே போன் பண்றேன், நீங்க இங்க நிக்க வேண்டாம்" என்றதும் குரல் இறங்கிவிட்டது. அப்ரூவல் வந்தது என்னவோ சாயங்காலம்தான்.

கவனியுங்கள், அவர் சொன்னதில் உண்மையாக இருந்ததை மட்டும்தான் ஒப்புக்கொண்டேன். 'பணம் புடுங்க' என்பதற்கு ஒத்துப்போகவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் தாம்சன் என்றொருவர் இருந்தார். ஆங்கிலப் பேராசிரியராக இருந்து போலீஸ்காரர் ஆனவர், ஜூடோவில் கறுப்புப் பட்டை. போலீஸாருக்கு இதையேதான் பயிற்சியாகக் கொடுத்தார். கோபத்தில் இருப்பவரிடம் 'அமைதியா இருங்க' என்று சொன்னால் கோபம் ஏறத்தான் செய்யும் என்பது அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது. கவுன்டரில் ஒரு நாள் உட்கார்ந்தால் யாருக்கும் புரியும்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது எறிந்த பிறகு நடப்பது. ஜூடோவில் ஒருவரை எறிந்துவிட்டு அவருடைய சட்டைக் கையை விடக் கூடாது. கடைசி நொடியில் மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் அவர் தலை தரையில் மோதாது. தானும் பிறரும் சேர்ந்து நலமடைவது என்பதை அடிப்படையாகவே வைத்தார் கானோ. பேச்சில் நம் பக்கம் நியாயம் என்று தெளிவான பிறகுதான் நாம் அதிகம் காயப்படுத்துகிறோம். உதாரணமாக, கவுன்டரில் ஒருவர் சண்டை போடுகிறார். தாமதத்துக்குக் காரணம் அவர் ஆதார் நகல் கொடுக்காததுதான் என்று தெரிகிறது. பக்கத்தில் அவர் மச்சான் நிற்கிறார். "தப்பு உங்க மேலதான்" என்று சொல்லலாம். "இந்த ஒரு காப்பி மட்டும் விட்டுப்போயிருக்கு, இப்பவே குடுத்தா அனுப்பிடலாம்" என்றும் சொல்லலாம். வேலை நடப்பது இரண்டாவதில்.

அப்புறம், பிடியில் மாட்டியவர் கையால் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இதில் விவாதமே கிடையாது. பேச்சில் அந்தத் தட்டு "சரி, விடு" என்று வரும், சில சமயம் வெறும் மௌனமாக வரும். வீட்டில், கணவன் மனைவிக்குள், இதைக் கவனிக்காமல் "இல்ல, நான் கேக்குறது என்னன்னா" என்று இன்னொரு வாக்கியம் சேர்ப்பதால்தான் பாதிச் சண்டை ராத்திரி வரை போகிறது.

குடித்துவிட்டுக் கை ஓங்குபவரிடம் இதெல்லாம் வேண்டாம், செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள்.

ஜூடோவில் எறிவதற்கு முன் விழத்தான் கற்றுத் தருவார்கள். அதேபோல நீங்களும் குறை கேட்டுப் பழகுவதிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டில் யாராவது ஒரு சின்னக் குறை சொல்லும்போது, காரணம் சொல்வதற்கு முன், அதில் எது உண்மையோ அதை மட்டும் ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு நிறுத்திப் பாருங்கள். நிறுத்துவதுதான் கஷ்டமான பகுதி.