.22 ஹார்னெட் தோட்டா: வாங்குவதா, நாமே நிரப்புவதா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஹார்னெட் சின்ன ரைஃபிள் தோட்டா, கிடைப்பது அரிது. ஆகவே மற்ற ரகங்கள் அடுத்த வாரம்.

பெரம்பூரிலிருந்து: சார், ஹூஸ்டனில் இருக்கும் என் மச்சான் சுட்ட காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் போட்டுத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார். பாதிக் காசில் முடிகிறதாம். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. இங்கே செய்யலாமா?

கூடாது. உங்கள் லைசென்ஸ் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கத்தான். தோட்டா தயாரிப்பதற்கு அல்ல. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்குத் தனி லைசென்ஸ் கேட்கிறது. மீறினால் 25ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் குறைந்தபட்சமே 7 ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: அந்தச் சட்டத்தில் தோட்டா என்பதன் விளக்கத்திலேயே அதன் உதிரி பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். மச்சான் ஊருக்கு வரும்போது தோட்டா நிரப்பும் பிரஸ்ஸும் (அழுத்தும் கருவி) டையும் (அச்சு) பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால், "வெறும் இரும்புச் சாமான்தானே" என்று கஸ்டம்ஸில் சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் ஊர்ச் சட்டம் அவருக்கு. சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அங்கே மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து: அப்போ வாங்கித்தான் ஆகணும். எங்கே கிடைக்கும் அண்ணே?

லைசென்ஸ் பெற்ற டீலரிடம் மட்டும். நம் அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கு விற்பது .315, .30-06, .32, 12 போர் போன்றவை. ஹார்னெட் அந்த வரிசையில் இல்லை. (.315 புழக்கத்துக்கு வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ராணுவத்தின் .303 பொதுமக்கள் கையில் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தான்.) ஆகவே டீலரிடம் இறக்குமதிச் சரக்கு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே போட்டிருக்கும், பாருங்கள்.

என் யோசனை இது. தோட்டா கிடைக்குமா என்று நாலு டீலரிடம் விசாரிக்காமல் பழைய ஹார்னெட் துப்பாக்கியை விலை பேசாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. இலக்குப் பயிற்சிக்கு சாதாரண .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தாராளம்.

வியாசர்பாடியிலிருந்து: ரெண்டுமே .22 தானே? எல்.ஆர். தோட்டாவையே ஹார்னெட்டில் போட்டால் என்ன?

போடவே போடாதீர்கள். எல்.ஆர். தோட்டாவில் வெடிமருந்து தூண்டும் ரசாயனம் விளிம்புக்குள் இருக்கும். ஹார்னெட்டுக்கு நடுவில் அந்த ரசாயனம் அடங்கிய தனி மூடி (பிரைமர்). கூட்டின் நீளமும் பருமனும் வேறு. எல்.ஆர். குண்டு விநாடிக்குச் சுமார் 1,200 அடி போனால், 45 கிரெயின் (சுமார் 3 கிராம்) ஹார்னெட் குண்டு 2,600க்கு மேல் போகும். 1885இல் வந்த .22 டபிள்யூ.சி.எஃப். (வின்செஸ்டர் சென்டர் ஃபயர்) கூட்டிலிருந்து பிறந்த ரகம் இது. 1930இல் வின்செஸ்டர் கடைக்குக் கொண்டுவந்தது.

மெல்பர்னிலிருந்து, சொந்த ஊர் திருவொற்றியூர்: இங்கே லைசென்ஸோடு நிரப்பிக்கொள்ள அனுமதி உண்டு. எது லாபம்?

விலையை முதலில் பார்க்காதீர்கள், வரத்தைப் பாருங்கள். கம்பெனிகள் ஹார்னெட்டை வருஷம் முழுக்க ஓட்டுவதில்லை. எப்போதாவது ஒரு தவணை போடுவார்கள். அது தீர்ந்தால் தடைக்காலத்துக் காசிமேட்டு வஞ்சிரம் மாதிரிதான், சொன்னது விலை. அதனால் கிடைக்கும்போது ஒரே லாட்டில் சில பெட்டிகளைச் சேர்த்து வாங்கி, சுட்ட கூடுகளை ஒன்று விடாமல் பொறுக்கி வையுங்கள். வருஷத்துக்கு ஐம்பது தோட்டாதான் சுடுவீர்கள் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் நேரத்துக்கும் கூலி போட்டால் லாபக் கணக்கு தலைகீழாகிவிடும்.

நிறையச் சுடுபவராக இருந்தால் நிரப்புங்கள். மருந்துச் செலவு சொற்பம்: ஒரு பவுண்டில் 7,000 கிரெயின், ஹார்னெட் கேட்பதோ ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு. 600 தோட்டாவுக்குப் பக்கம் வரும். அருமையான சரக்கு பித்தளைக் கூடுதான். ஹார்னெட் கூட்டுக்குச் சுவர் மெலிசு, குண்டைச் சற்றுக் கோணலாக இறக்கினாலே கழுத்து நசுங்கும். ஒவ்வொரு முறையும் முழுக் கூட்டையும் டையில் அழுத்தினால் அடிப்பக்கம் சீக்கிரம் விரிசல் விடும். அதே துப்பாக்கிக்குத்தான் என்றால் கழுத்தை மட்டும் அழுத்துங்கள், பல தடவை வரும்.

மருந்தை எடை போடாமல் ஊற்றவே ஊற்றாதீர்கள். பெரிய .30-06 கூட்டில் அரை கிரெயின் கூடினால் ஒரு சதவீதம்தான். ஹார்னெட்டில் அதே அரை கிரெயின் ஏறக்குறைய 5 சதவீதம். நண்பர் சொன்ன அளவு வேண்டாம். மருந்துக் கம்பெனி அச்சிட்ட கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்து போங்கள். துப்பாக்கி பழசு என்றால் குழலை அளக்கச் சொல்லுங்கள். ஆரம்பகால ஹார்னெட் .223 அங்குலம், பிறகு வந்தவை .224. சுட்ட கூடு தோள் கூர்மையாக வெளியே வந்தால் யாரோ துப்பாக்கியின் தோட்டா அறையைக் கடைந்து கே-ஹார்னெட் என்ற மாற்று ரகமாக்கியிருக்கிறார்கள். அந்தக் கூடு சாதாரண ஹார்னெட்டில் நுழையாது.

தண்டையார்பேட்டையிலிருந்து: காலிக் கூட்டில் கீசெயின் செய்யலாமா?

விமான நிலையத்தில் பையிலிருந்து அது கிளம்பினால் பதில் சொல்லி மாளாது. வேண்டாம்.

காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா: தம்பி, அவர் போனபிறகு பீரோவைத் திறந்தால் அந்தத் துப்பாக்கியும், தோல் பட்டையில் பச்சை பிடிச்ச தோட்டாவும் இருக்கு. கடல்ல போட்டுடவா?

போடாதீங்க அம்மா. தோல் பதனிடும் சத்தும் நம்ம கடல் காற்றும் சேர்ந்து பித்தளையை அரிச்சிருக்கு. அதை யாரும் சுட வேண்டாம், எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கி, தோட்டா எல்லாவற்றையும் தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் டீலரிடமோ ஒப்படைக்கணும். 21ஆம் பிரிவு அதற்குத்தான். முதலில் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள், எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்வார்கள். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் யாராவது துப்பாக்கியை வைத்துக்கொள்ள விரும்பினால் வாரிசாக கமிஷனர் ஆபீஸில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம், அப்போதும் அந்த ரசீது உதவும்.