சீசனுக்குக் காலி பண்ணு, வாடகையை மட்டும் கொடு: கொடைக்கானல் வாடகை வீடு கேள்வி-பதில்

கேள்வி: நானும் இரண்டு தோழிகளும் அட்டுவம்பட்டி அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறோம். ஹாஸ்டலை விட்டு வெளியே வரலாம் என்று நாயுடுபுரத்தில் வீடு பார்த்திருக்கிறோம். வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000, பதினோரு மாத அக்ரிமென்ட். ஏப்ரல், மே இரண்டு மாதமும் சாமான்களை ஒரே ரூமில் அடுக்கிவிட்டு ஊருக்குப் போய்விடணும், ஆனால் வாடகை மட்டும் தரணும் என்கிறார் ஓனர். "இங்கே எல்லாரும் அப்படித்தான்" என்றும் சொல்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். அட்வான்ஸைவிட அந்த ஏப்ரல், மே விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது, அதையே முதலில் பேசிவிடுவோம்.

சீசனில் கொடைக்கானலில் ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு என்ன வாங்குகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஓனர் அந்தக் காசுக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை, வீடு அவருடையது. ஆனால் அதே இரண்டு மாதத்துக்கு டூரிஸ்ட்டிடமும் வாங்கி உங்களிடமும் வாங்குவது என்ன நியாயம்? உங்கள் கையிலிருந்து போவது 18,000, தலைக்கு 6,000. அதோடு, செமஸ்டர் தேர்வு எந்த மாதம் வருகிறது என்று பாருங்கள். ஊர் முழுக்க ரூம் கிடைக்காத அந்த நாட்களில்தான் நீங்கள் பரீட்சைக்குப் படிக்க இடம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அதனால் அவரிடம் இரண்டே வழி சொல்லுங்கள். பதினோரு மாதமும் வாடகை தருகிறோம், வீடு பதினோரு மாதமும் எங்களுடையது, சாவி எங்களிடம். அல்லது தேர்வு முடிகிற தேதி வரை இருக்கிறோம், அதற்கு அப்புறம் காலியாக விடுகிற நாட்களுக்கு வாடகை கிடையாது. எதை ஒத்துக்கொண்டாலும் அக்ரிமென்ட்டில் தேதி போட்டு எழுதிவிடுங்கள். சாமானை அங்கேயே வைப்பதாக இருந்தால் அந்த ரூமுக்கு உங்கள் பூட்டு, கிளம்பும் அன்றைக்கு கரண்ட் மீட்டரின் போட்டோ, இது இரண்டும் கட்டாயம். டூரிஸ்ட்கள் ஓட்டிய கீசருக்கு வாடகைக்கு இருப்பவர்கள் பில் கட்டின கதையெல்லாம் இந்த ஊரில் உண்டு.

இன்னொன்றையும் விசாரியுங்கள். வீட்டு வரி ரசீது கேளுங்கள், அந்தக் கட்டடம் குடியிருப்பா, லாட்ஜ் மாதிரி நடக்கிறதா என்று பக்கத்து வீட்டில் பேச்சுக் கொடுங்கள். அனுமதி இல்லாத கட்டடங்களுக்கு நகராட்சி சீல் வைத்ததைக் கொடைக்கானல்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூட்டு விழுந்தால் உள்ளே மாட்டுவது உங்கள் சாமானும்தான்.

சரி, அட்வான்ஸ். 60,000 என்பது கிட்டத்தட்ட ஏழு மாத வாடகை. தமிழ்நாட்டில் 2017-ல் வந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. உங்கள் கணக்கில் 27,000. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் அதுவே செல்லும். அதாவது 60,000 என்று எழுதின பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசினால் எடுபடாது. பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரணும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. போகும்போது "பெயிண்ட் அடிக்கணும்" என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்களே, அதற்கும் பதில் உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை சுவருக்கு வெள்ளையடிப்பது ஓனரின் செலவு. ஸ்விட்ச், குழாய் வாஷர், கீசர் ரிப்பேர் மாதிரி சில்லறை வேலைகள் உங்கள் தலையில்.

பதினோரு மாதம் என்று போடுவது பதிவுத்துறைச் செலவுக்குப் பயந்து வந்த பழைய பழக்கம். இப்போது எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும், அதற்கு அரசு இணையதளம் இருக்கிறது. ஓனர் தயங்குவார். கேட்டுத்தான் பாருங்களேன்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வந்து இந்த வருடம் கொடைக்கானலில் சேர்ந்திருக்கிறேன். மலையில் வீடு பார்க்கும்போது முக்கியமாக எதைப் பார்க்கணும்? இரண்டு வீடு பிடித்திருக்கிறது, இரண்டுமே புதுசாகப் பெயிண்ட் அடித்து நன்றாக இருக்கின்றன.

பதில்: அந்தப் புதுப் பெயிண்ட்டைத்தான் முதலில் சந்தேகப்படணும். மலையில் பல வீடுகள் சரிவை வெட்டிக் கட்டியவை, பின்சுவருக்குப் பின்னால் நேரடியாக மண்தான் இருக்கும், மழை இறங்கினால் அந்தச் சுவரில் ஓதம் ஏறும். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். கட்டிலை நகர்த்தச் சொல்லி சுவரின் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். முடிந்தால் வடகிழக்குப் பருவமழை அடிக்கிற அக்டோபர், நவம்பரில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவது நல்லது, மே மாத வெயிலில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். திருநெல்வேலியில் வெயில் வராத வீட்டைத் தேடியிருப்பீர்கள், இங்கே காலை வெயில் உள்ளே விழுகிற வீட்டைத் தேடுங்கள். மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் துணி காயாது.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, கோடையில் லாரித் தண்ணிக்கு யார் காசு தருவது, இதை ஓனரிடம் கேட்காமல் மாடியில் குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

கரண்ட் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். 2,000 வாட் கீசரோ ரூம் ஹீட்டரோ ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். டிசம்பர், ஜனவரியில் ஹீட்டரை ராத்திரிக்கு நாலு மணி நேரம் போட்டால் இரண்டு மாத பில்லில் அது மட்டுமே சுமார் 480 யூனிட். தனி மீட்டரா, ஓனர் மாட்டிய சப்-மீட்டரா என்று பாருங்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்கிற ரேட்டை அப்படியே ஏற்காமல் மின்வாரிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள், வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது அந்தக் கணக்கில் எங்கே போனது என்றும் கேளுங்கள்.

கடைசியாக, சாயங்காலம் இருட்டின பிறகு பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு தடவை நடந்து பாருங்கள். தெருவிளக்கு இல்லாத சந்தில் காட்டுமாடு நின்றால் அது நகரும் வரை நீங்களும் நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: மகளுக்காக ஆன்லைனில் ஒரு வீடு பார்த்தேன், வாடகை ரொம்பக் குறைவு. ஓனர் ராணுவத்தில் இருக்கிறாராம், நேரில் வர முடியாதாம். "ஒரு க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் முதலில் டெஸ்ட்டுக்கு 5 ரூபாய் உங்களுக்கு வரும்" என்கிறார். நம்பலாமா? (வத்தலக்குண்டிலிருந்து ஒரு தந்தை)

பதில்: நம்பாதீர்கள் சார். யுபிஐ-யில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். வீட்டைத் திறந்து காட்டாத யாருக்கும் டோக்கன் அட்வான்ஸ்கூட அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் வரை காத்திருந்திருக்கக்கூடாது, உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறுவது ஒரு காலை வேலைதானே, நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். காரில் போவதானால் 2024 மே முதல் இருக்கிற இ-பாஸை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அரசு பஸ்ஸில் போனால் அந்தக் கவலையும் இல்லை.