லீடரா, மேனேஜரா?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை. போன மாதம் என்னை புரொடக்‌ஷன் மேனேஜர் ஆக்கி, கையோடு ஒரு பயிற்சி வகுப்புக்கும் அனுப்பினார்கள். ‘மேனேஜராக இருக்காதே, லீடராக இரு’ என்று இரண்டு நாளும் அதே பாட்டு. திரும்பி வந்தால் கட்டிங்குக்குத் துணி வரவில்லை, ஷிப்மென்ட் தேதி கழுத்தில் நிற்கிறது. நாள் முழுக்க பீஸ் கணக்குப் பார்க்கிறவன் லீடர் ஆக முடியாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

துணி வராத அன்றைக்கு லீடர் என்ன செய்வார் என்று வகுப்பு எடுத்தவரிடமே கேட்டிருக்கலாம். சரி, விடுங்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு குஜராத்தின் ஆனந்த் ஊர்தான் ஞாபகம் வரும். கேடா மாவட்டத்துப் பாலை பால்சன் கம்பெனி அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்த காலம். 1946இல் விவசாயிகள் பதினைந்து நாள் பால் ஊற்ற மறுத்தார்கள், அந்த வருஷக் கடைசியில் அவர்களுடைய பால் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. இன்றைக்கு அமுல் என்கிறோமே, அதேதான். ஊர் ஊராக நடந்து அவர்களைச் சேர்த்தவர் திரிபுவன்தாஸ் படேல். சிறைக்குப் போன காந்தியவாதி, அவர் சொன்னால் ஜனங்கள் நம்பினார்கள். ஆனால் நம்பிக்கை பாலைக் கெடாமல் வைத்திருக்காதே! சங்கத்தின் கையில் இருந்தவை பழைய இயந்திரங்கள், நாள் தவறாமல் மக்கர் செய்தன.

1949இல் அங்கே வந்து சேர்ந்தவர் வர்கீஸ் குரியன். நம்ம லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர்தான். அமெரிக்காவில் படிக்க அரசாங்கம் பணம் கொடுத்ததற்கு ஈடாக வேண்டாவெறுப்பாக ஆனந்தில் உட்கார்ந்திருந்தார், எப்போது கிளம்பலாம் என்று. பக்கத்தில் சங்கத்தின் இயந்திரம் நிற்கும்போதெல்லாம் போய் ரிப்பேர் பார்த்தவர், ஒருநாள் சலித்துப்போய், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றார். நாற்பதாயிரம் ரூபாய், அந்தக் காலத்தில். திரிபுவன்தாஸ் உறவினரிடம் கடன் வாங்கி வந்துவிட்டார், வந்ததும் ‘இயந்திரத்தை நிறுவும்வரை இருந்துவிட்டுப் போங்கள்’ என்றும் கேட்டுக்கொண்டார். குரியன் அப்புறம் ஆனந்தை விட்டுப் போகவே இல்லை.

இதில் யார் லீடர், யார் மேனேஜர்? பதில் சுலபமாகத் தெரியும், ஆனால் குளிர்காலத்தைப் பாருங்கள். எருமைகள் குளிர்காலத்தில் கோடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கறக்கும், சங்கத்தின் பால் போய்ச் சேரும் பம்பாய் அவ்வளவையும் வாங்காது. உறுப்பினர் கொண்டுவரும் பாலைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது சங்கம் கொடுத்த வாக்கு. மிஞ்சிய பாலை பவுடர் ஆக்கினால்தான் அந்த வாக்கு நிற்கும். எருமைப்பாலில் பவுடர் வராது என்று நிபுணர்கள் கையை விரிக்க, குரியனின் நண்பர் தலாயா செய்து காட்டினார். 1955இல் அதற்கென்று தொழிற்சாலையே வந்தது. காலையும் மாலையும் பால் அளந்து, கொழுப்புப் பார்த்து, கையில் காசு கொடுக்கும் அந்த அலுப்பான வேலை ஒருநாள் தவறியிருந்தாலும் திரிபுவன்தாஸ் அடுத்த ஊருக்குள் கால் வைத்திருக்க முடியாது. (1963இல் மகசேசே விருதை திரிபுவன்தாஸ், குரியன் இருவருக்கும், பம்பாய் பால் திட்டத்தின் குரோடிக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். நம் ஆட்களுக்கு குரியன் பெயர் மட்டும்தான் தெரியும்.)

அதனால் பீஸ் கணக்கைக் கேவலமாக நினைக்காதீர்கள். வகுப்பில் அதை மட்டமாகப் பேசியதுதான் எனக்கு எரிச்சல். ஒன்று மட்டும் யோசியுங்கள்: உங்கள் லைனில் தைக்கிற பெண்களுக்குக் கம்பெனி என்ன வாக்கு கொடுத்திருக்கிறது? ஞாயிறு லீவு என்றோ, இரவு எட்டு மணிக்குமேல் நிறுத்துவதில்லை என்றோ ஏதாவது சொல்லியிருப்பார்கள். துணி நாலு நாள் தாமதமானால் முதலில் பறிபோவது அந்த ஞாயிறுதானே. துணி எங்கே நிற்கிறது, டையிங்கிலா, நிட்டிங்கிலா? அதை எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.