மணலிலிருந்து ஏறும்போது ரயருக்குக் காற்று: எந்தச் சிலிண்டர், ஏன்?

கேள்வி: பருத்தித்துறையில் வசிக்கிறேன். நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப் வைத்திருக்கிறேன். ரயர் 265/70, ரிம் 16 அங்குலம். மணற்காடு, மருதங்கேணிப் பக்கம் மணலில் இறங்கும்போது காற்றைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். தார் வீதிக்கு ஏறும்போது திரும்ப அடிக்க வழியில்லை. அவுஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான் காபனீரொட்சைட்டுச் சிலிண்டரால் ஒரு நிமிடத்துக்குள் ஒரு ரயரை நிரப்புகிறார். அதை இங்கே செய்யலாமா? கையில் பழைய காபனீரொட்சைட்டுத் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்று இருக்கிறது, அது உதவுமா?

பதில்: தீயணைப்புச் சிலிண்டரை விட்டுவிடுங்கள். அதற்குள் அடிவரை இறங்கும் குழாய் ஒன்று உண்டு. நிமிர்த்திப் பிடித்தால் வெளியே வருவது வாயு அல்ல, திரவம். தீயின் மேல் பீச்சுவதற்கு அதுதான் வேண்டும். ரயருக்கு அது ஆகாது. திரவம், அமுக்கத்தைக் குறைத்து வெளிவிடும் ரெகுலேட்டருக்குள் போனால் உறைந்து அடைத்துக்கொள்ளும். ரப்பர் குழாய்க்குள் சிக்கி ஆவியானால் குழாயே வெடிக்கலாம்.

மச்சானின் முறையில் பிழையில்லை. உங்கள் ரயர் ஒன்றின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 70 லீற்றர். 16 பி.எஸ்.ஐ.யிலிருந்து 34க்கு ஏற்ற, சாதாரண அமுக்கத்தில் அளந்தால் 85 லீற்றர் அளவு வாயு வேண்டும். நான்குக்கும் 340 லீற்றர். ஒரு கிலோகிராம் திரவக் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 550 லீற்றர் வாயுவாக விரியும். ஆகவே நான்கு ரயருக்கும் முக்கால் கிலோவுக்குள் போதும். 4.5 கிலோ சிலிண்டர் ஆறேழு தடவை வரும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. அடிவரை இறங்கும் குழாய் இல்லாத சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி வைத்து (அப்போது மேலிருந்து வாயுதான் வரும்), ரெகுலேட்டரை 8 முதல் 10 பாருக்குள் (ஒரு பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ.) வைத்தால் வேலை முடிந்தது. எவ்வளவு மிச்சம் என்று அமுக்கமானியைப் பார்த்து அறிய முடியாது; உள்ளே திரவம் இருக்கும்வரை முள் பெரிதாக அசையாது. தராசில்தான் நிறுக்க வேண்டும்.

சிக்கல் நமது வெய்யிலில் இருக்கிறது. காபனீரொட்சைட்டின் அவதி வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் அது திரவமாக இருக்க முடியாத வெப்பநிலை, 31 பாகை செல்சியஸ். யாழ்ப்பாணத்தில் சித்திரை, வைகாசிப் பகல் அதைச் சாதாரணமாகத் தாண்டும். 20 பாகையில் சிலிண்டருக்குள் 57 பார்தான் இருக்கும். 31ஐக் கடந்ததும் திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய், எவ்வளவு நிரப்பியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அமுக்கம் எகிறும். முறையாக நிரப்பிய சிலிண்டரிலேயே 50 பாகையில் 130 பாருக்கு மேல் போகும். வெய்யிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வாகனத்துக்குள் 50 பாகை என்பது அதிசயமல்ல. கொள்ளளவில் ஒரு லீற்றருக்கு முக்கால் கிலோவைத் தாண்டி யாராவது ‘தாராளமாக’ நிரப்பித் தந்தால், பாதுகாப்புத் தகடு கிழிந்து முழு வாயுவும் வெளியேறும். அது ஆட்கள் இருக்கும் கபினுக்குள் நடந்தால்? இரண்டு கிலோ ஒரு கன மீற்றருக்கும் மேல் வாயுவாகும். காற்றில் பத்து வீதம் கலந்தாலே சில நிமிடங்களில் மயக்கம் வரும். ஆகவே சிலிண்டர் பின் பெட்டியில், நிமிர்த்திக் கட்டி, நிழல் துணியின் கீழ் பயணிக்க வேண்டும். சீற்றுக்குப் பின்னால் ஒருபோதும் வேண்டாம். சிலிண்டரின் தோளில் (கழுத்துக்குக் கீழே) பொறித்திருக்கும் சோதனைத் திகதி பழையதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

இன்னொரு வழியைப் பலர் நினைப்பதில்லை. சங்கும் கடலட்டையும் எடுக்கச் சுழியோடுபவர்களின் காற்றுச் சிலிண்டர் 12 லீற்றர், 200 பார் என்றால், அதில் 2,400 லீற்றர் காற்று இருக்கிறது. இதுவும் ஆறேழு தடவைக்குப் போதும். உள்ளே இருப்பது வெறும் காற்றுதான். திரவமாகிறது, உறைகிறது என்ற தொல்லை இல்லை. சிலிண்டரின் வாயில் பொருத்தும் முதல் நிலை ரெகுலேட்டர் 10 பார் அளவில் வெளியிடும். தெரிந்த சுழியோடி இருந்தால், காபனீரொட்சைட்டைவிட இதையே நான் விரும்புவேன். நைதரசனும் நல்லதுதான், ஆனால் அதன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் பாரமானவை.

வெல்டிங் கடையில் ‘இதுவும் காற்றுதானே’ என்று ஒட்சிசன் தந்தால் வாங்காதீர்கள். குழாயிலோ ரிம்மிலோ இருக்கும் சிறிது எண்ணெய் பட்டால்கூடத் தீப்பற்றும். சமையல் எரிவாயுவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது 12 வோல்ற் கொம்பிரசர். சிலிண்டரை நிரப்ப ஓர் இடம், நிறுக்கத் தராசு, வைக்க நிழல் என்று அலைவது மாதத்துக்கு ஓரிரு தடவை மணலுக்குப் போகிறவருக்கு வீண். நிமிடத்துக்கு 70 லீற்றர் என்று எழுதியிருப்பது எதிர்ப்பு இல்லாதபோது கிடைக்கும் அளவு. உண்மையில் ரயருக்கு மூன்று நான்கு நிமிடம் எடுக்கும். 25, 30 அம்பியர் இழுக்கும் கருவியைச் சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் பியூஸ்தான் போகும். முதலைவாய்க் கிளிப்பை நேரே பற்றறியில் மாட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு அடியுங்கள். இரண்டு ரயருக்குப் பிறகு கொம்பிரசருக்குச் சற்று ஓய்வு கொடுங்கள். அதற்குள் நீங்கள் சவுக்கு நிழலில் நின்று ஒரு தேநீர் குடிக்கலாம். 16 பி.எஸ்.ஐ.யுடன் தார் வீதியில் ஓட வேண்டி வந்தால் மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டாமல், அருகிலுள்ள ரயர் கடை வரை மட்டும் ஓட்டுங்கள். வேகமாகப் போனால் ரயரின் பக்கச்சுவர் உள்ளிருந்தே வெந்துபோகும்.