லட்சத்தீவுக்கு விசா வேண்டுமா?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு லட்சத்தீவு போக நினைக்கிறோம். வேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உள்ள ஒரு ஏஜென்ட், 'மாலத்தீவும் அதுவும் ஒன்றுதான், விசா எடுக்கணும்' என்று தலைக்கு 6,000 ரூபாய் கேட்கிறார். நான்கு பேர் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். மச்சான் அரசு ஊழியர்; அவருக்கும் விசா வேண்டுமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: ஐயா, லட்சத்தீவு இந்தியாதான். 1956 வரை அது நம் மெட்ராஸ் மாநிலத்தோடு இருந்தது. அப்புறம்தான் யூனியன் பிரதேசமானது. தலைநகர் கவரத்தி. சட்டமன்றம் கிடையாது, ஒரே ஒரு எம்.பி. வழக்கென்றால் கேரள உயர் நீதிமன்றம். மக்கள் வசிப்பது பத்துத் தீவுகளில். விசா என்ற பேச்சுக்கே இடமில்லை.

குழப்பம் வருவது மினிக்காய் என்ற லட்சத்தீவுத் தீவால். மற்ற தீவுகளை விட்டுத் தெற்கே தனியாகக் கிடக்கிறது. அங்கே பேசும் மஹல் மொழி மாலத்தீவு மொழிதான். அதற்கும் தெற்கே எட்டு பாகைக் கால்வாய் என்ற கடற்பகுதியைத் தாண்டினால்தான் மாலத்தீவு வரும். அது தனி நாடு. அங்கேயும் இந்தியர்களுக்கு விசா போய் இறங்கியதும் இலவசமாகவே கிடைக்கும். ஆக, எந்தத் தீவுக்கானாலும் ஏஜென்ட் கேட்கும் காசு வீண் காசு!

உங்களுக்கு வேண்டியது நுழைவு அனுமதி, அதாவது பர்மிட். 1967 விதிப்படி, தீவுக்காரர் அல்லாத எவரும் அது இல்லாமல் கால் வைக்க முடியாது. எந்தெந்தத் தீவு என்று அதில் எழுதியிருக்கும். கவரத்திக்கு வாங்கிவிட்டு மினிக்காய்க்குப் போக முடியாது. அரசு சுற்றுலா பேக்கேஜில் போனால் அவர்களே வாங்கித் தருவார்கள்.

மச்சான் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். அரசு ஊழியருக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அரசு வேலையாகப் போனால்தான். லீவு போட்டு உங்களோடு வருகிறார் என்றால் அவரும் உங்களைப் போல ஒரு பயணிதான். அடையாள அட்டையைக் காட்டிக் கப்பலேறிவிடலாம் என்று கொச்சி வரை போய்த் திரும்பியவரை நான் பார்த்திருக்கிறேன். அரசு வேலையாக அனுப்பிய ஆர்டர் கையில் இருந்தால் வேறு கதை.

போலீஸ் சான்றும் கேட்பார்கள். ஒருமுறை அதற்காக ஒரு காவல் நிலையத்தில் நின்றபோது, 'லட்சத்தீவா, அது எந்த நாடு சார்?' என்று கேட்டார்கள். மூன்று நடை நடந்த பிறகு கிடைத்தது. இந்த அலைச்சலைப் பார்த்துத்தான் மக்கள் ஏஜென்டிடம் போகிறார்கள், அவரும் அதை வைத்தே பிழைக்கிறார்.

காட்பாடியில் ரயிலேறினால் எர்ணாகுளம். கப்பல் கொச்சியிலிருந்து, விமானமென்றால் அகத்தி தீவில் இறங்கணும். பர்மிட் கைக்கு வருமுன் டிக்கெட் போடாதீர்கள். மழைக்காலம் நெருங்கும் மாதம், கடல் எப்படி இருக்குமோ. திரும்பி வர இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஆதார் மாதிரி ஓர் அடையாளச் சான்று போதும், பாஸ்போர்ட் தேவையே இல்லை. நாளைக் காலை முதல் வேலையாக ஏஜென்டிடம் போய் நான்கு பாஸ்போர்ட்டையும் வாங்கி வாருங்கள்.