இருபால் சாயலுக்கும் பால் தெளிவின்மைக்கும் என்ன வேறுபாடு?

கதாபாத்திர ஓவியங்களுக்குக் குறிச்சொல் இடும்போது, ஆண், பெண் இருவரின் சாயலும் ஒரே உருவத்தில் வெளிப்படையாகக் கலந்திருந்தால் அது ‘இருபால் சாயல்’. ஓவியத்தைக் கொண்டு பாலை முடிவு செய்யவே இயலாவிட்டால் அது ‘பால் தெளிவின்மை’. முன்னது தோற்றத்தையும், பின்னது நமக்குக் கிடைக்கும் தகவலையும் பற்றியது. கோலாலம்பூர்க் கடைகளில் காப்பியும் தேநீரும் கலந்த ‘சாம்’ குடித்தால் இரண்டின் சுவையும் நாவில் தெரியும். இருபால் சாயல் அப்படிப்பட்டது. மூடிய குவளையில் இருப்பது எதுவென்றே தெரியாது; பால் தெளிவின்மை அப்படிப்பட்டது. பினாங்குத் தைப்பூசத்தில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பக்தரை முதுகுப்புறமாக மட்டும் வரைந்தால், ஆண்களும் பெண்களும் முடியிறக்குவதால், இரண்டாவது குறிச்சொல்லே பொருந்தும். ஆண் என்று கதையிலேயே கூறப்பட்டவருக்கு இருபால் சாயல் எனக் குறிக்கக் கூடாது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அந்தக் குறிச்சொல் தோற்றத்தையே சுட்டுவதால் தாராளமாகக் குறிக்கலாம்.